"செவி எவிடே?"

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் தமிழ் பேசுவோர் நிறைந்த கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து நாலரை வயதுப் பையன். ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் உறையிலிருந்து அம்மா ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினார். ஐ.க்யூ. 54. "புத்தி இவ்வளவுதானாம் மேடம்." இந்த மாதத்தில் இப்படி என் கைக்கு வரும் நான்காவது ரிப்போர்ட் இது.

சோதனை மலையாளத்தில் நடந்திருக்கிறது. "செவி எவிடே?" என்று கேட்டார்களாம். வீட்டில் அவனுக்கு அது காது. 'பூச்ச'யைக் காட்டச் சொன்னால் பூனைப் படத்தை அவன் ஏன் தொடப்போகிறான்? தமிழில் கேட்டிருந்தாலும் பெரிதாக மாறியிருக்காது. மொழி வளர்ச்சியிலேயே குறை உள்ளவன். தமிழிலும் இரண்டு சொல்லுக்கு மேல் கோக்க மாட்டான். பினே-காமத் போன்ற ஐ.க்யூ. தேர்வில் பெரும்பாலும் காதால் கேட்டு வாயால் சொல்ல வேண்டும். கையில் கட்டுப் போட்டவனை எழுதச் சொல்லி எழுத்தறிவை அளப்பதுதான் இது.

பேச்சே இல்லாமல் சேகன் பலகையை வைத்தேன். பத்து மரக்கட்டைகள், பத்துக் குழிகள்; ஒவ்வொரு கட்டையையும் அதன் வடிவக் குழியில் பொருத்த வேண்டும். முதல் முறை நட்சத்திரத்தைத் திருப்பித் திருப்பி முட்டினான். இரண்டாம் முறை தயங்கவில்லை. மூன்றாம் முறை கடைசிக் கட்டையை அமுக்கிவிட்டு என் கையிலிருந்த ஸ்டாப்வாட்சை எட்டிப் பார்த்தான். நேரம் பார்க்கிறேன் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. (இந்த ஒரு பலகையை வைத்து நானும் எண் எழுதித் தரமாட்டேன், அது வேறு சண்டை.)

பேச்சு வராத பிள்ளைக்குப் புத்தியும் இராது என்று பாட்டி சொன்னால் பொறுத்துக்கொள்வேன். படித்தவர்கள் அதையே எண்ணாக்கிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது சந்தைக்குச் சரி, சோதனை அறைக்கு ஆகாது. யோசிப்பது ஒன்று, யோசித்ததைச் சொல்வது இன்னொன்று. இரண்டாவது தடுமாறினால் முதலாவதும் இல்லை என்று ஆகிவிடாது. பேச்சில்லாத் தேர்விலும் மதிப்பெண் குறைந்தால்? அப்போதும் பேச்சுப் பயிற்சியை மறுக்கக் காரணமில்லை. நாலு வயதில் எடுத்த எண் ஏழு வயதில் அப்படியே நிற்கும் என்றும் யாரும் எழுதித் தர முடியாது.

முதலில் காது. இவனுக்குக் காதுப் பரிசோதனையே செய்யவில்லை! அது முடியாமல் ஐ.க்யூ. சோதனைக்கு உட்காராதீர்கள். எந்தத் தேர்வு, எந்த மொழியில், பேச்சில்லாப் பகுதி தனியாக எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். சோதிக்கும் நண்பர்களே, மொத்த எண்ணை மட்டும் எழுதி அனுப்புவதை நிறுத்துங்கள். வீட்டில் அவன் என்னென்ன செய்கிறான் என்று அம்மாவிடம் பத்து நிமிடம் கேட்டால் குறைந்தா போய்விடுவீர்கள்?

தமிழை விட்டுவிட்டு வீட்டிலும் மலையாளமே பேசச் சொல்கிறார்களாம். தயவுசெய்து கேட்காதீர்கள், அம்மா. இரண்டு மொழி காதில் விழுவதால் இந்தக் குறை வருவதில்லை. உங்களுக்குத் தடையில்லாமல் வரும் மொழியிலேயே இரவில் அவனுக்குக் கதை சொல்லுங்கள்.