செங்குத்துப் பாறையில் கால் எப்படி நிற்கிறது?

2015 ஜனவரி. கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில், சுமார் 900 மீட்டர் உயரமுள்ள எல் கேப்பிடன் பாறையில் கட்டித் தொங்கவிட்ட கூடாரத்தில் டாமி கால்டுவெல்லும் கெவின் ஜோர்ஜ்சனும் வெயில் விலகக் காத்திருந்தார்கள். மிகக் கடினமான பகுதிகளை இருட்டிய பிறகே, தலைவிளக்கு வெளிச்சத்தில் ஏறினார்கள். கயிறு இருந்தது, ஆனால் விழுந்தால் தாங்குவதற்கு மட்டும். 'டான் வால்' என்ற அந்தச் சுவரில் இப்படிக் கைகால் பலத்தால் மட்டும் ஏறி முடித்த முதல் இருவர் இவர்களே. 19 நாள் ஆயிற்று. நடுக்கும் குளிரில், அதுவும் இரவில் ஏன் ஏறவேண்டும்?

எல்லாம் உராய்வுக்காகத்தான். தொடும் பரப்பு எவ்வளவு என்பது உராய்வுக்குப் பொருட்டல்ல, அழுத்தும் விசைதான் கணக்கு என்று பள்ளியில் படித்திருப்போம். மரக்கட்டைக்கு அது ஏறக்குறைய சரி, ஏறுபவர்களின் காலணி அடியில் இருக்கும் ரப்பருக்குச் சரிவராது. மொழுமொழுவென்று தெரியும் கிரானைட்டிலும் படிகங்களால் ஆன நுண்ணிய மேடுபள்ளங்கள் உண்டு. பிசைந்த மாவை அழுத்தினாற்போல் ரப்பர் அவற்றுக்குள் பதிகிறது. எவ்வளவு பரப்பு பதிகிறதோ அவ்வளவு பிடி. மேலும், சறுக்க வேண்டுமானால் ரப்பர் ஒவ்வொரு மேட்டிலும் நசுங்கி மீளவேண்டும். அதில் ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. அந்த இழப்பும் சறுக்கலைத் தடுக்கிறது. 1980களின் தொடக்கத்தில் ஸ்பெயினின் போரியல் நிறுவனம் இத்தகைய ஒட்டும் ரப்பர் அடிப்பாகத்தோடு காலணி கொண்டுவந்தபின் ஏறுதலின் தரமே மாறிப்போனது.

அப்படியானால் எந்தச் சரிவிலும் நிற்கலாமா? முடியாது. உராய்வுக் குணகம் 1 என்றால், அதாவது அழுத்தும் விசை அளவுக்கே உராய்வு விசையும் கிடைக்கும் என்றால், 45 பாகைச் சரிவு வரைதான் கால் அழுத்தத்தால் மட்டும் நிற்கலாம். அதற்கு மேல் விளிம்போ வெடிப்போ வேண்டும். வெடிப்பின் விளிம்பைக் கையால் தன்பக்கம் இழுத்து, காலால் எதிர்ச்சுவரை உதைத்தால் அழுத்தும் விசை கூடும், உராய்வும் கூடும். சரிவுப்பாறையில் புதியவர்கள் பயத்தில் பாறையோடு ஒட்டிப் படுப்பார்கள். பயம் புரிகிறது, இயற்பியல் ஒத்துழைக்காது: பாதத்தின் மேல் விழவேண்டிய அழுத்தத்தைக் கையும் உடம்பும் பங்குபோட்டுக்கொள்ள, கால் வழுக்கும். நிமிர்ந்து நிற்பதே பாதுகாப்பு.

டான் வாலில் விளிம்புகள் சில இடங்களில் பிளேடு முனை அளவே. வெயிலில் ரப்பர் இளகினால் அந்த விளிம்பில் நிற்காமல் வளைந்து நழுவிவிடும். குளிரில் விறைப்பாக நிற்கும். விரலும் வியர்க்காது. ரொம்பக் குளிர்ந்தாலோ ரப்பர் கெட்டியாகிப் பதியாது, விரலும் மரத்துப்போகும்.

வியர்வையை உறிஞ்ச மக்னீசியம் கார்பனேட் பொடி பூசுகிறார்கள். ஜிம்னாஸ்டிக்ஸ் பழகிய ஜான் கில் 1950களில் இதைப் பாறைக்குக் கொண்டுவந்தார். அள்ளி அப்பினால் பிடி கூடும் என்று நினைக்கக்கூடாது. பாறையின் நுண்பள்ளங்கள் பொடியால் அடைபட்டால் விரல் பாறையைத் தொடாமல் பொடியின்மேல் வழுக்கும். அதனால்தான் பலர் இடுப்பில் பொடிப்பையோடு ஒரு சின்ன பிரஷும் வைத்திருக்கிறார்கள்.