லியூக்கோபீனியா: வெள்ளையணுக் குறைவு

கறவைமாட்டின் இரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு கால்நடை மருத்துவர் 'லியூக்கோபீனியா' என்றால், இரத்தத்தில் வெள்ளையணுக்கள் இருக்கவேண்டிய அளவுக்குக் கீழே போய்விட்டன என்று பொருள். இது கிரேக்க வேர்களிலிருந்து வந்த சொல். 'லியூக்கோஸ்' வெண்மை, 'பெனியா' வறுமை, பற்றாக்குறை.

தமிழில் 'வெள்ளையணுக் குறைவு' என்பதே சரியாகப் பொருந்துகிறது. 'இன்மை' என்று முடித்தால் அறவே இல்லை என்றாகிவிடும். 'இரத்தக் குறைவு' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது சிவப்பணு குறையும் சோகை. அப்படிக் காதில் விழுந்தால் மாட்டுக்காரர் இரும்புச்சத்து டானிக் வாங்கப் போய்விடுவார். வெள்ளையணுவைக் குறைக்கும் வைரஸ் பாட்டுக்கு உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும்.

வளர்ந்த மாட்டுக்கு ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஏறக்குறைய 4,000 முதல் 12,000 வெள்ளையணுக்கள் இருக்கும். மனிதருக்கும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். ஆனால் உள்ளே இருக்கும் கலவை வேறு. நம் இரத்தத்தில் பாக்டீரியாவை விழுங்கி அழிக்கும் வெள்ளையணு வகையான நியூட்ரோஃபில் அதிகம், மாட்டின் இரத்தத்தில் லிம்போசைட் எனப்படும் நிணநீரணுக்களே அதிகம். பல வைரஸ்கள் குறிவைப்பதும் இந்த நிணநீரணுக்களைத்தான். சிலவற்றை நேரடியாக அழிக்கின்றன. இன்னும் சில அணுக்கள் இரத்தத்தை விட்டு நிணநீர்க் கணுக்களுக்கும் நோயுற்ற திசுக்களுக்கும் போய்விடுகின்றன. அதனால் மாட்டில் நிணநீரணு சரிந்தால் மொத்த எண்ணிக்கையும் கூடவே சரியும்.

1946இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் ஓலாஃப்சன், மெக்கல்லம், ஃபாக்ஸ் மூவரும் நியூயார்க் மாநிலப் பால்பண்ணைகளில் பரவிய ஒரு புதுக் கழிச்சல் நோயை விவரித்தார்கள். இன்று பி.வி.டி. என்கிறோமே, அந்த வைரஸ் கழிச்சல்தான் அது. கிருமியைப் பிரித்தெடுக்கும் முன்பே அவர்கள் குறித்துவைத்த அடையாளங்களில் வெள்ளையணுக் குறைவும் ஒன்று. 2011இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்ட வெக்கை நோயிலும் இந்தச் சரிவு கடுமையாக இருந்தது. இப்படிக் குறைந்திருக்கும் நாட்களில் வேறு கிருமிகள் எளிதில் உள்ளே புகும். கன்றுகளுக்கு பி.வி.டி.யோடு நிமோனியாவும் சேர்ந்துகொள்வது அதனால்தான்.

சீட்டைப் படிக்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும். மொத்தம் 2,600, நியூட்ரோஃபில் 55%, நிணநீரணு 40% என்று வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். சதவீதத்தை மட்டும் பார்த்தால் நியூட்ரோஃபில் ஏறிவிட்டது, பாக்டீரியா தொற்று என்று தோன்றும். பெருக்கிப் பாருங்கள். நியூட்ரோஃபில் 1,430, அது இயல்புதான். நிணநீரணு 1,040, குறைந்தது 2,500 இருந்திருக்க வேண்டும். உண்மையான சரிவு அங்கேதான் இருக்கிறது.

சரி, எண்ணிக்கை குறைந்தாலே வைரஸ்தானா? இல்லை. மாட்டின் எலும்பு மஜ்ஜையில் நியூட்ரோஃபில் இருப்பு குறைவு. கடுமையான மடிவீக்கம் வந்தால் முதல் ஓரிரு நாளில் உள்ளதெல்லாம் மடிக்குப் போய்விடும்; அப்போதும் எண்ணிக்கை விழும். அதனால் எந்த அணு குறைந்தது என்று பார்க்காமல், மாட்டின் மற்ற அறிகுறிகளையும் பார்க்காமல் முடிவுக்கு வரக்கூடாது. சில நாள் கழித்து மறுபடியும் இரத்தம் எடுத்துப் பார்ப்பது நல்லது.

எல்லா வைரஸும் குறைக்கத்தான் செய்யும் என்பதும் இல்லை. மாட்டு லியூக்கீமியா வைரஸ் நிணநீரணுக்களில் பி வகைக்குள் குடியேறி, தொற்றிய மாடுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்கு அவற்றைப் பெருகவைக்கிறது. கட்டி வரை போவது 5 சதவீதத்துக்கும் குறைவு. பெருகிய எண்ணிக்கை மாதக்கணக்கில் இறங்காமலே நிற்கும். பொதுவாக 'வெள்ளையணு மிகுதி' என்று எழுதுவதைவிட, இதை 'நீடித்த நிணநீரணு மிகுதி' என்று எழுதுவதே துல்லியம்.