சார்ட்: விளக்கப்படமா, வரைபடமா?

சார்ட் என்ற சொல் முதலில் குறித்தது படத்தை அல்ல, தாளை. கிரேக்கத்தில் ‘கார்த்தேஸ்’ என்றால் பாப்பிரஸ் தாள். அது லத்தீனில் ‘கார்ட்டா’ ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. கார்டு, கார்ட்டூன், சார்ட்டர் எல்லாம் ஒரே குடும்பம்தான். 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் சார்ட் என்றால் மாலுமிகள் கையில் இருந்த கடல் வரைபடம். எண்களைப் படமாக்கும் பொருள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. ஸ்காட்லாந்தின் வில்லியம் பிளேஃபேர் 1786இல் வணிகக் கணக்குகளைக் கோடுகளாகவும் பட்டைகளாகவும் வரைந்து வெளியிட்டார். நாமோ கெட்டித் தாளையே ‘சார்ட்’ என்கிறோம். தெரியாமலேயே பழைய பொருளுக்குப் போய்விட்டோம்!

தமிழில் இதற்கு மூன்று சொற்கள் அடிபடுகின்றன: அட்டவணை, வரைபடம், விளக்கப்படம். அட்டவணையை உடனே ஒதுக்கிவிடலாம். அது கட்டம் கட்டி எண்களை அடுக்குவது. அதில் படமே இல்லை. வரைபடம் கொஞ்சம் குழப்பும், ஏனென்றால் ஊரையும் நாட்டையும் காட்டும் படத்துக்கும் அதே பெயர்தான். என் ஓட்டு விளக்கப்படத்துக்கு. நீளம்தான், ஆனால் அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு நிபந்தனை இருக்கிறது: படம் எதையாவது விளக்க வேண்டும்.

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டித் தொடரான என்.பி.ஏ.வின் வீரர்களை ஒப்பிடும் படங்களில் இந்த நிபந்தனை அடிக்கடி காற்றில் பறக்கிறது. ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்ற வாழ்நாள் சராசரியில் மைக்கேல் ஜோர்டானுக்கு 30.12, வில்ட் சேம்பர்லினுக்கு 30.07. கிட்டத்தட்ட ஒன்றுதான். பட்டைப் படத்தின் அச்சை 0இல் தொடங்கினால் இரண்டும் ஒரே உயரமாகத் தெரியும். 30இல் தொடங்கினால்? ஜோர்டானின் பட்டை ஏறக்குறைய 1.7 மடங்கு உயர்ந்து நிற்கும். எண்கள் மாறவே இல்லை.

எதை அளக்கிறோம் என்பதிலும் இதே வம்பு உண்டு. 1961-62 பருவத்தில் சேம்பர்லின் ஆட்டத்துக்கு 50.4 புள்ளி எடுத்தார். ஜோர்டானின் உச்சம் 1986-87இல் 37.1. மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் போலத் தோன்றும். ஆனால் சேம்பர்லின் அந்தப் பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 48.5 நிமிடம் களத்தில் நின்றார். ஆட்டமே 48 நிமிடம்தான், மிச்சம் கூடுதல் நேரத்தில் ஆடியது. ஜோர்டான் ஆடியது 40 நிமிடம். 36 நிமிடத்துக்கு எவ்வளவு என்று இருவருக்கும் கணக்கிட்டால் 37.4, 33.4. பதின்மூன்று புள்ளி இடைவெளி நான்காகச் சுருங்கிவிடுகிறது.

சரி, ஒரே வீரரின் பல திறன்களை ஒன்றாகக் காட்ட ‘ரேடார் சார்ட்’ வரைகிறார்களே? பார்த்தால் சிலந்தி வலை மாதிரி இருக்கும். சிலந்தி வலைப்படம் என்றாலே போதும். புள்ளி, ரீபவுண்ட் (கூடையில் விழாத பந்தைப் பிடிப்பது), அசிஸ்ட் (சக வீரர் கூடை போடப் பந்தைக் கொடுப்பது), ஸ்டீல் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது), பிளாக் (எதிரணியின் எறியைத் தடுப்பது) என ஐந்து கைகள். பார்க்க அழகு, நம்புவதுதான் கடினம். கைகளின் வரிசையை மாற்றினால் அதே எண்களுக்கு வலையின் பரப்பு மாறிவிடும். தவிர, ஸ்டீலையும் பிளாக்கையும் என்.பி.ஏ. 1973-74 முதல்தான் பதிவு செய்கிறது. சேம்பர்லின் அதற்குள் என்.பி.ஏ.வில் ஆடி முடித்துவிட்டார். அவருக்கு அந்த இரண்டு கைகளிலும் 0 போட்டால், பிளாக்குக்குப் பேர்போன ஒருவர் பந்தைத் தடுக்கவே தெரியாதவராகிவிடுவார். அப்படிப்பட்டதை விளக்கப்படம் என்று சொல்ல எனக்கு மனம் வராது, வெறும் படம்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரே ஒரு இடத்தில் ‘வரைபடம்’ என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன். அது ‘ஷாட் சார்ட்’. வீரர் களத்தின் எந்தெந்த இடத்திலிருந்து கூடையை நோக்கி எறிந்தார் என்பதை, களத்தின் படத்தின் மேலேயே குறிப்பது. இதைப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர் கிர்க் கோல்ட்ஸ்பெரி, அடிப்படையில் புவியியலாளர். 2012இல் அவர் காட்டிய படங்களில் குறியின் அளவு எத்தனை முறை எறிந்தார் என்பதையும், நிறம் எவ்வளவு பலன் கிடைத்தது என்பதையும் சொன்னது. 2015-16இல் 402 மூன்று புள்ளிக் கூடைகள் போட்ட ஸ்டீஃபன் கரியின் படத்தை இப்படி வரைந்தால், மூன்று புள்ளிக்கான எல்லையாக உள்ள வளைகோட்டுக்கு வெளியே ஒரு கடற்கரையே உருவாகிவிடும். மாலுமியின் சார்ட்டும் இதைத்தானே செய்தது? ஆகவே இதற்கு மட்டும் எறி வரைபடம்.