பூர்வகுடிகளின் மனநலமும் போதை மீட்பும்: கனடாவில் எந்த உதவிக்கு எந்தக் கதவு?

கனடாவில் பூர்வகுடி ஒருவர் மனச்சோர்வுக்கோ குடிப்பழக்கத்துக்கோ உதவி தேடும்போது, அரசின் பணம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. உளவள ஆலோசகருக்கு ஒரு திட்டம், சடங்கு நடத்தும் பெரியவருக்கு இன்னொன்று, தங்கிச் சிகிச்சை பெற மற்றொன்று. கதவு மாறித் தட்டினால் "கிடையாது" என்ற பதில்தான் வரும். அங்கே மருந்தகத்திலும் மருத்துவமனையிலும் சமூகப்பணியிலும் இருக்கும் தமிழர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

முதல் கதவு, என்.ஐ.எச்.பி. எனப்படும் கூட்டாட்சி அரசின் சுகாதார நலன் திட்டம். அரசுப் பதிவேட்டில் பெயருள்ள முதற்குடிகளுக்கும் (First Nations), வடதுருவப் பகுதியின் இனுயிட் மக்களுக்கும் உரியது. பூர்வகுடி, ஐரோப்பியக் கலப்பில் உருவான மேட்டி மக்களுக்கு இதில் இடமில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் வசிக்கும் முதற்குடிகளின் நலன்களை முதற்குடிகள் சுகாதார ஆணையமும், லாப்ரடார் இனுயிட்டுகளின் நலன்களை அவர்களின் தன்னாட்சி அரசான நுனாட்சியாவுட் அரசும் பார்த்துக்கொள்கின்றன. அவர்கள் அங்கேதான் கேட்க வேண்டும்.

இத்திட்டத்தில் 12 மாதங்களுக்கு 22 மணி நேர ஆலோசனை கிடைக்கும். தனியாகவும் குடும்பமாகவும் போகலாம். கூடுதல் நேரம் வேண்டுமென்றால் காரணம் காட்டி முன் அனுமதி பெற வேண்டும். 22ஆம் மணி முடிந்த பிறகு விண்ணப்பித்தால், அனுமதி வரும்வரை சிகிச்சை அறுந்துபோகும். போதையிலிருந்து மீளும் ஒருவருக்கு அந்த இடைவெளி ஆபத்தானது. ஆகவே ஐந்தாறு மணி மீதமிருக்கும்போதே ஆலோசகரிடம் பேசிவிடுங்கள்.

ஆலோசகர் மாகாண உரிமம் பெற்றவராகவும் இத்திட்டத்தில் பதிவு செய்தவராகவும் இருக்க வேண்டும். முதல் சந்திப்புக்கு நேரம் குறிக்கும்போதே இதைக் கேட்டுவிட வேண்டும். கட்டணக் கோரிக்கைகளை எக்ஸ்பிரஸ் ஸ்கிரிப்ட்ஸ் கனடா என்ற நிறுவனம் கையாள்கிறது. அடையாள எண் (முதற்குடிகளுக்குப் பதிவு அட்டையிலுள்ள 10 இலக்க எண்), பெயர், பிறந்த தேதி மூன்றும் பொருந்த வேண்டும். அட்டையில் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர் இருந்து, படிவத்தில் கணவரின் குடும்பப்பெயர் எழுதப்பட்டிருந்தால் கோரிக்கை திரும்பிவரும். வேலையிடக் காப்புறுதி இருந்தால் முதலில் அங்கே அனுப்ப வேண்டும். மீதியைத்தான் இத்திட்டம் ஏற்கும். கையிலிருந்து கட்டியிருந்தால், ரசீதுடன் ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். குழந்தைப் பொறுப்பு வழக்குக்கான மதிப்பீடு, பள்ளிக் கல்வி மதிப்பீடு போன்றவை இதில் சேரா.

மரபு வைத்தியரிடம் போக என்.ஐ.எச்.பி. பயணச் செலவு தரும். ஆனால் வைத்தியருக்கான சன்மானத்தையும் சடங்குச் செலவையும் மூலிகைகளையும் ஏற்காது. அதற்குத்தான் அடுத்த கதவு: வதிவிடப் பள்ளிச் சுகாதார ஆதரவுத் திட்டம். சுமார் 1,50,000 பூர்வகுடிக் குழந்தைகள் வீட்டிலிருந்து பிரிக்கப்பட்டு அப்பள்ளிகளில் அடைக்கப்பட்டார்கள். தாய்மொழி பேசியதற்கே அடி விழுந்தது. மேற்குக் கரை மக்கள் விருந்தும் பரிசும் வழங்கும் பொட்லாட்ச் விழாவைச் சட்டம் 1885 முதல் 1951 வரை தடைசெய்திருந்தது. பறிக்கப்பட்டதைத் திருப்பிக் கொடுக்காமல் மாத்திரையை மட்டும் கொடுப்பது பாதி மருத்துவம்தான். இந்தத் திட்டத்தில் பெரியவர்களின் பண்பாட்டுத் துணையும், ஆதரவுப் பணியாளரும், ஆலோசனையும், பயண உதவியும் அடங்கும். முன்னாள் மாணவர்களுக்குப் பதிவு எண் தேவையில்லை. மேட்டிகளும் வரலாம், குடும்பத்தாரும் வரலாம். அதன் 24 மணி நேரத் தொலைபேசி: 1-866-925-4419.

போதைக்குத் தங்கிச் சிகிச்சை பெற, 1970களில் தொடங்கி 1982இல் நிரந்தரமான தேசியப் பூர்வகுடி மது, போதைத் தடுப்புத் திட்டத்தின் நிலையங்கள் இருக்கின்றன. பெட்ரோல், பசை முகரும் இளையோருக்குத் தனி நிலையங்கள் உண்டு. பரிந்துரைப் படிவத்தோடு, இருப்பிடத்துக்கு அருகிலுள்ள தகுந்த நிலையத்துக்கு என்.ஐ.எச்.பி.யிடம் பயணச் செலவு கேட்கலாம். ஆலோசகர் சொல்லைத் தட்டிப் பாதியில் கிளம்பினால் திரும்பும் செலவைப் பொதுவாகத் தரமாட்டார்கள். வெகுதூரத்திலிருந்து வந்தவர் கையில் காசின்றி நகரத்தில் நின்றுவிட நேரும். கிளம்பும் முன்பே இதை அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

பெரியவரை அணுகும் முறையும் முக்கியம். பல முதற்குடி மரபுகளில் கட்டணம் விசாரிப்பதில்லை. சின்னச் சதுரத் துணியில் ஒரு பிடி புகையிலையை முடிந்து, வந்த காரியத்தைச் சொல்லி நீட்டுவார்கள். அவர் வாங்கிக்கொண்டால் சம்மதம் என்று பொருள். அது புகைப்பதற்கல்ல, வேண்டுதலுக்கு. சேஜ், ஸ்வீட்கிராஸ் என்ற நறுமண இலைகளை எரித்து அந்தப் புகையால் தூய்மை செய்வதும், சூடான கற்களின் ஆவியில் அமரும் வியர்வைக் குடிலும் எல்லாருடைய வழக்கமும் அல்ல. இனுயிட் ஒருவரிடம் இலைப்புகைச் சட்டியை நீட்டினால் அது அவருக்கு அந்நியம். கடல்நாய்க் கொழுப்பில் எரியும் குல்லிக் விளக்குதான் அவர் வீட்டுச் சுடர். ஆகவே பரிந்துரைக் கடிதத்தில் "பூர்வகுடி" என்று மட்டும் எழுதாமல், எந்த மக்கள், எந்த ஊர், எந்த மொழி என்று கேட்டு எழுதுங்கள். சடங்கு வேண்டாம் என்பவரும் உண்டு. தேவாலயத்துக்குப் போகிறவரும் உண்டு. அவர் சொல்வதே முடிவு.

எந்தக் கதவு என்று தெரியாத நேரத்தில், இரவானாலும் பகலானாலும், 'ஹோப் ஃபார் வெல்னஸ்' எண் 1-855-242-3310. மேட்டிகள், பதிவில்லாதவர்கள் உட்பட எல்லாப் பூர்வகுடிகளும் அழைக்கலாம். ஆங்கிலம், பிரெஞ்சு தவிர, கேட்டால் கிரீ, ஒஜிப்வே, இனுக்டிடுட் மொழிகளிலும் பேச ஆள் கிடைக்கலாம். அழைத்தவுடன் மொழியைச் சொல்லுங்கள்.