பழைய பாரமானி வாங்குமுன் பாதரசம் இருக்கிறதா என்று பாருங்கள்

1957 வரை பிரித்தானியக் கடற்படை நிலைகொண்டிருந்த ஊர் திருகோணமலை, அதனால் காற்றழுத்தம் அளக்கும் பாரமானி போன்ற பழைய வானிலைக் கருவிகள் இங்கே அங்கொன்றும் இங்கொன்றுமாக இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. கடிகாரமும் கருவிகளும் திருத்துகிற என்னிடம் இவற்றைச் சேகரிக்கும் இளம் ஆட்கள் வருவது எனக்குச் சந்தோஷம். ஆனால் பலர் உள்ளே பாதரசம் இருக்கிறதா என்று பார்க்காமலே பிள்ளைகள் படுக்கிற அறையில் மாட்டிவிடுகிறார்கள்.

சட்டைப்பைக்குள் அடங்கும் திரவமில் பாரமானியில் பாதரசமே இல்லை, அந்தப் பயமும் இல்லை. 1844இல் லூசியன் விடி என்ற பிரெஞ்சுக்காரர் கொண்டுவந்த முறை அது: காற்றகற்றிய மெல்லிய உலோகப்பெட்டி அழுத்தத்துக்கு ஏற்ப நசுங்கி விரியும், அந்த அசைவு முள்ளுக்குப் போகும். சோதிப்பதும் சுகம். நம் பக்கத்தில் காற்றழுத்தம் காலை பத்து மணிபோல உச்சத்தில் நின்று, பின்னேரம் நாலு மணிபோல மூன்று மில்லிபார் வரை இறங்கும். முள் அதைக் காட்டினால் கருவிக்கு உயிர் இருக்கிறது. முகப்பில் ‘மழை’, ‘தெளிவு’ என்று ஆங்கிலத்தில் இருப்பதை மட்டும் நம்பவேண்டாம், அது இங்கிலாந்து வானத்துக்கு எழுதியது.

பயப்படவேண்டியது மலைப் பாரமானிக்கு. கையில் கொண்டுபோகச் செய்த நீண்ட குழாய், அடியில் பாதரசம் நிறைந்த தோல்பை, அதைத் தள்ளுகிற ஒரு திருகு. உடல் வெப்பமானியில் ஒரு கிராம் அளவு பாதரசம்தான், இதில் சில நூறு கிராம் இருக்கும். வயதான தோல் வெடித்து, மூட்டு வழியே வெள்ளிமணிகளாகக் கசியும், மரப்பெட்டியின் மூலையில் டோர்ச் வெளிச்சத்தைச் சரித்துப் பிடித்தால்தான் அவை கண்ணில் படும். கிடையாகப் போட்டு மோட்டார்சைக்கிளில் கொண்டுவராதீர்கள். மெதுவாகச் சரித்துக் குழாய் நிரம்பியபின் திருகை மெல்ல இறுக்கி (அதிகம் இறுக்கினால் பை கிழியும்) தலைகீழாகத்தான் கொண்டுபோக வேண்டும். விமானத்தில் சாதாரணப் பயணிகள் கொண்டுபோக அனுமதியே இல்லை.

காற்றின் ஈரப்பதனை அளக்க, சுழற்றிப் பார்க்கும் ஈரமானியிலும் இரண்டு வெப்பமானிகள் இருக்கும். சிவப்புத் திரவம் என்றால் அது மதுசாரம், வெள்ளிநிறம் என்றால் பாதரசம்.

சிந்திவிட்டால் முதலில் பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள், மின்விசிறியை நிறுத்தி யன்னலைத் திறவுங்கள். மோதிரம், காப்பு, தாலிக்கொடி எல்லாம் கழற்றிவிடுங்கள், பாதரசம் பட்ட பொன் வெளுத்துவிடும். தும்புத்தடியால் கூட்டவே வேண்டாம், மணிகள் நுணுகிச் சிதறி ஆவி இன்னும் கூடும், அந்த ஆவிதான் நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுப்பது. கையுறை போட்டு, தடித்த மட்டையால் ஒதுக்கி, மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் சேர்த்து மூடுங்கள். அலுமினியப் பாத்திரம் கூடாது, அதை அரித்துவிடும். கழுவுதொட்டியிலோ கிணற்றடியிலோ ஊற்றாமல், போத்தலை வீட்டுக்கு வெளியே பூட்டிவைத்து, எங்கே ஒப்படைப்பது என்று மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடம் கேளுங்கள்.