இதயமே, என்னைக் காட்டிக் கொடுக்காதே!

எகிப்தில் மம்மி செய்தவர்கள் மூளையை மூக்கு வழியாக இழுத்து எடுத்துவிடுவார்கள், ஆனால் இதயத்தை உடலுக்குள்ளேயே விட்டுவைப்பார்கள். நினைவும் புத்தியும் அங்கேதான் இருக்கின்றன என்பது அவர்கள் நம்பிக்கை. செத்த பிறகு, இறந்தவர்களின் கடவுளான ஒசைரிஸின் சபையில் அந்த இதயத்தை ஒரு தட்டிலும், நீதி தேவதை மாஅத்தின் இறகை மறுதட்டிலும் வைத்து நிறுப்பார்களாம். இதயம் இறகைவிடக் கனமாக இருந்து தேறவில்லை என்றால், முதலைத் தலையோடு காத்திருக்கும் அம்மித் அதை விழுங்கிவிடும். அப்புறம் மறுவாழ்வே கிடையாது.

சிக்கல் எங்கே என்றால், நாம் செய்தது அத்தனையும் இதயத்துக்குத் தெரியும். அதுவே உண்மையைச் சொல்லிவிட்டால்? அதைத் தடுக்கத்தான் இதய வண்டுத் தாயத்து. பெரும்பாலும் பச்சை நிறக் கல்லில் சாண வண்டைச் செதுக்கி, தட்டையான அடிப்பக்கத்தில், இதயமே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லாதே என்று மன்றாடும் மந்திரத்தைப் பொறித்து, மார்பில் வைத்தார்கள்.

போயும் போயும் ஏன் சாண வண்டு? அது சாணத்தை உருட்டிப் போவதைப் பார்த்தவர்களுக்குச் சூரியனை வானில் உருட்டும் கெப்ரி என்ற கடவுள் தெரிந்தார். மண்ணுக்குள் புதைத்த உருண்டையில் தாய் வண்டு முட்டையிடுகிறது, புழு அந்தச் சாணத்தையே தின்று வளர்ந்து வண்டாக வெளியே வருகிறது. முட்டையைப் பார்க்காதவர்கள் கண்ணுக்கு அது தானாகப் பிறந்த உயிர். மறுபிறப்புக்கு இதைவிட நல்ல அடையாளம் கிடைக்குமா?

நிறத்துக்கும் பொருள் உண்டு. பச்சையும் நீலமும் செழிப்பு, புத்துயிர். கல் வாங்க வசதியில்லாதவர்களுக்கு ஃபயான்ஸ் இருந்தது. குவார்ட்ஸ் தூளோடு கொஞ்சம் சுண்ணாம்பு, நேட்ரான் உப்பு, செம்புத் தூள் சேர்த்துப் பிசைந்து களிமண் அச்சில் அழுத்தி எடுப்பார்கள். காயும்போது ஈரத்தோடு உப்பும் மேலே வந்து, செங்கல் சுவரில் பூப்பது போலவே வெளியே படியும். சூளையில் அது குவார்ட்ஸோடு உருகிக் கண்ணாடிப் பூச்சாகிவிடும், செம்பு அதற்கு நீலம் தரும். தனியாக மெருகு பூச வேண்டியதே இல்லை, எனக்கு இதில் மிகவும் பிடித்த தொழில்நுட்பம் இதுதான்.

1925-இல் எகிப்திய மன்னர் துட்டன்காமூனின் மம்மியைப் பிரித்தபோது, பிசினில் ஒட்டியிருந்த உடலைத் துண்டு துண்டாகத்தான் எடுத்தார்கள். படிக்கவே கஷ்டமாக இருக்கும். ஆனால் 1916-இல் கிடைத்த 'தங்கச் சிறுவன்' மம்மியை, கதிரியக்க மருத்துவர் சஹர் சலீமின் குழு சி.டி. ஸ்கேனில் மட்டுமே பார்த்து, 2023-இல் முடிவை வெளியிட்டது: 49 தாயத்துகள், 21 வகை. வாய்க்குள் மறுஉலகில் பேசுவதற்குத் தங்க நாக்கு, நெஞ்சுக்கூட்டுக்குள் தங்க வண்டு. அந்த வண்டை 3டி அச்சில் நகலெடுத்தும் பார்த்துவிட்டார்கள், ஒரு துணியைக்கூடப் பிரிக்காமல்.