செந்தூலுக்கு ஒரு பேட், செப்பாங்குக்கு ஒரு பேட்

கோலாலம்பூர்ப் பட்டறைகளில் பிரேக் பேட் மாற்ற வரும் இளைஞர்கள் பலர் கேட்பது ஒன்றே: "அண்ணே, இருப்பதிலேயே நன்றாகப் பிடிக்கிற பேட் எது?" அனுபவமுள்ள மெக்கானிக் இதற்குச் சட்டென்று பதில் சொல்லமாட்டார். "எங்கே ஓட்டப்போகிறாய் தம்பி?" என்று திருப்பிக் கேட்பார். எல்லா இடத்திலும் நன்றாகப் பிடிக்கும் பேட் என்று ஒன்று கிடையாது என்பது அவருக்குத் தெரியும். ஒவ்வொரு பேடுக்கும் அது வேலை செய்யும் வெப்பநிலை என்று ஓர் எல்லை உண்டு. அதற்குக் கீழே போனாலும் காலை வாரும், மேலே போனாலும் காலை வாரும்.

பிரேக்கை மிதிக்கும்போது வண்டியின் இயக்க ஆற்றல் மாயமாகிவிடுவதில்லை. ஏறக்குறைய அத்தனையும் வெப்பமாக மாறி, பெரும்பகுதி டிஸ்க்கில், அதாவது சக்கரத்தோடு சுழலும்போது பேடுகள் இறுக்கிப்பிடிக்கிற வட்டத் தகட்டில், போய் உட்காருகிறது. அந்த ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது; விவகாரமே அங்கேதான். ஆளோடு சேர்த்து 1,300 கிலோ எடையுள்ள கார் ஒன்று கோலாலம்பூரின் செந்தூலை ஒட்டிய ஜாலான் ஈப்போ சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து சிவப்பு விளக்குக்கு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியாகும் வெப்பம் சுமார் 180 கிலோஜூல். இதில் 70 சதவீதம் முன்சக்கரங்களுக்குப் போகிறது, ஒவ்வொரு முன் டிஸ்க்கும் 6 கிலோ வார்ப்பிரும்பு என்று கொண்டால், டிஸ்க்கின் சூடு ஏறத்தாழ 22 டிகிரி செல்சியஸ் உயரும். அவ்வளவுதான். தினமும் வேலைக்குப் போய்வரும் காரின் டிஸ்க் 200 டிகிரியைத் தொடுவதே அபூர்வம்.

அதே காரைச் செப்பாங் பந்தயத் தடத்தில் இறக்குவோம். ஹெர்மன் டில்கே வடிவமைத்து 1999இல் திறக்கப்பட்ட இந்தத் தடத்தின் நீளம் 5.543 கிலோமீட்டர், வளைவுகள் 15. இரண்டு நீண்ட நேர்பாதைகள், அவற்றின் முடிவில் முதல் வளைவும் கொண்டையூசி போன்ற கடைசி வளைவும். பிரேக்குக்கு உண்மையான சோதனை இந்த இரண்டு இடங்களில்தான். 200 கிலோமீட்டர் வேகத்தில் வந்து நான்கு விநாடிக்குள் 80க்கு இறங்கினால், அந்த நேரத்துக்குள் 1,700 கிலோஜூல் வெப்பம் வெளியாகிறது. குதிரைத்திறனில் சொன்னால் சுமார் 600. எஞ்சினின் சக்தி 150 குதிரைத்திறன்தான் என்றாலும் அந்தச் சில விநாடிகளுக்கு பிரேக் அதைப்போல் நான்கு மடங்கு வேலை செய்கிறது. அந்த ஒரே மிதிப்பில் முன் டிஸ்க்கின் சூடு 200 டிகிரி எகிறும். ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். சில சுற்றுகளில் 500 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம்.

இப்போது பேடின் உள்ளே பார்ப்போம். எஃகுத் தகட்டின்மீது ஒட்டப்பட்ட அந்தக் கறுப்புக் கட்டி பல பொருள்களின் கலவை: நார்கள், உலோகத் துகள்கள், கிராஃபைட், தேய்க்கும் தன்மையுள்ள கனிமப் பொடிகள். இத்தனையையும் கட்டிப்பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் ஃபீனாலிக் ரெசின். பேடின் பலவீனமும் இங்கேதான். 300 முதல் 400 டிகிரிக்குள் இந்த ரெசின் சிதையத் தொடங்கி வாயுவை வெளியிடும். பேடுக்கும் டிஸ்க்குக்கும் இடையே அந்த வாயு புகுந்துகொள்கிறது. சூட்டில் உருகிய பொருள்கள் மேற்பரப்பில் வழுவழுவென்று படிகின்றன. உராய்வு சரிகிறது. பெடல் கல்லைப்போல் கெட்டியாகவே இருக்கும், ஆனால் எவ்வளவு மிதித்தாலும் வண்டி போய்க்கொண்டே இருக்கும். பேட் சூட்டில் பிடி இழப்பது என்பது இதுதான்.

சாதாரணக் கார்களுக்கான பேடுகளில் இந்த எல்லை தாழ்வு. நார்களும் ரெசினும் மிகுந்த வகையில் சத்தம் குறைவு, தூசி குறைவு, டிஸ்க்கும் தேயாது. காலையில் அடுக்குமாடி வாகன நிறுத்துமிடத்தின் சரிவில் இறங்கும்போதே பிடிக்கும். செராமிக் என்று விற்கப்படும் பேடுகளும் பெரும்பாலும் இந்தக் குணம் கொண்டவையே. ஃபார்முலா 1 கார்களின் கார்பன் பிரேக்குக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை. எஃகு நாரும் இரும்புத்தூளும் கூடுதலாகச் சேர்த்த பேட் சூட்டை நன்றாகத் தாங்கும். பதிலுக்குக் கறுப்புத் தூசியை வாரி இறைக்கும். மழையில் நனைந்த அந்தத் தூசி ரிம்மில் துருவாகப் படிந்தால் தேய்த்துக் கழுவுவது தண்டனை. பந்தயப் பேடுகளில் ரெசினைக் குறைத்து உலோகமும் கார்பனும் அதிகமாகச் சேர்க்கிறார்கள். 700 டிகிரியில்கூட அசராதவை அவற்றில் உண்டு.

அப்படியானால் பந்தயப் பேடையே எப்போதும் போட்டுக்கொண்டால் என்ன? பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள், ஆபத்தும் அதில்தான். பல பந்தயப் பேடுகள் 150, 200 டிகிரி சூடேறிய பிறகே தம் முழுப் பிடியைக் காட்டும். கூட்டரசு நெடுஞ்சாலையில் பத்து நிமிடம் பிரேக்கைத் தொடாமல் வருகிறீர்கள்; டிஸ்க்கின் சூடு ஏறக்குறைய காற்றின் சூடுதான். முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் சட்டென்று குறுக்கே திரும்புகிறது. அந்த முதல் மிதிப்பில் சூடேற்றிக்கொள்ள நேரமில்லை. மாலை மழை வேறு பெய்துகொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம்: டிஸ்க்கின் மீது ஈரம், பேடோ குளிர்ந்து கிடக்கிறது. குளிரிலும் ஓரளவு பிடிக்கும் பந்தயப் பேடுகள் இருக்கின்றன. அவை டிஸ்க்கை உப்புத்தாள்போல் அரைத்தெடுக்கும், ஒவ்வொரு சிக்னலிலும் கிறீச்சிட்டு ஊரைக் கூட்டும். சாலையில் மட்டும் ஓட்டுகிறவர் பந்தயப் பேடுக்குக் காசு கொடுப்பது, மெதுவாக நிற்பதற்குக் கூடுதல் விலை கொடுப்பதாகும்.

சில பேடுகளின் ஓரத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகள் அச்சிடப்பட்டிருக்கும். அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம் வகுத்த குறியீடு அது. 'ஈ' என்றால் பிடியின் அளவைச் சொல்லும் உராய்வுக் குணகம் 0.25 முதல் 0.35 வரை, 'எஃப்' என்றால் 0.45 வரை, 'ஜி' என்றால் 0.55 வரை. முதல் எழுத்து சாதாரணச் சூட்டுக்கு, இரண்டாவது மிகுந்த சூட்டுக்கு. 'ஜிஈ' என்று இருந்தால் சூடேற ஏறப் பிடி தளரும் என்று உடனே புரிந்துகொள்ளலாம். பயனுள்ள குறியீடுதான், ஆனால் அந்தச் சோதனை ஏறத்தாழ 340 டிகிரியோடு முடிந்துவிடுகிறது. செப்பாங்கில் ஆட்டம் தொடங்குவதே அதற்குப் பிறகுதான். ஆகவே தடத்துக்குப் போகிறவர்கள் எழுத்தைவிட, வெப்பநிலைக்கு ஏற்ப உராய்வு எப்படி மாறுகிறது என்று தயாரிப்பாளர் வெளியிடும் வரைபடத்தையே நம்ப வேண்டும். அதில் உச்சியைப் பார்த்து மயங்க வேண்டாம். கோடு எவ்வளவு தட்டையாகப் போகிறது என்று பாருங்கள். முதல் சுற்றிலும் பத்தாவது சுற்றிலும் ஒரே அழுத்தத்துக்கு ஒரே பதில் தரும் பேடைத்தான் ஓட்டுநரின் கால் நம்பும்.

உங்கள் டிஸ்க் உண்மையில் எவ்வளவு சூடாகிறது என்று ஊகிக்கத் தேவையில்லை. அதற்கென்றே வெப்பம் காட்டும் வண்ணப்பூச்சு விற்கிறது: பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று குப்பிகள். டிஸ்க்கின் வெளி விளிம்பில், பேட் உரசாத இடத்தில், மூன்று பொட்டு வைத்துவிட்டு ஓட்டிவிட்டு வர வேண்டும். பரவலாகக் கிடைக்கும் வகையில் பச்சை 430 டிகிரியிலும் ஆரஞ்சு 560இலும் சிவப்பு 610இலும் வெளிறிவிடும். பச்சை வெளிறி ஆரஞ்சு அப்படியே இருந்தால், உச்சச் சூடு அந்த இரண்டுக்கும் இடையில். அதற்கு ஏற்ற பேடை வாங்கலாம். பச்சைகூட வெளிறவில்லை என்றால் சாலைக்கும் தடத்துக்கும் பொதுவான நடுத்தரப் பேடே தாராளம். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை செப்பாங்குக்குப் போய், மற்ற நாளெல்லாம் சுங்கச்சாவடி வரிசையில் நிற்கும் காருக்கு என் தேர்வு இந்த நடுத்தர வகைதான்: குளிரிலேயே பிடித்து, 500 டிகிரி வரை தாங்குவது. அடிக்கடி போகிறவர்களுக்கு அது போதாது. அவர்கள் இரண்டு செட் வைத்துக்கொண்டு, போகும் முன்பும் வந்த பின்பும் மாற்றிக்கொள்வதே முறை.

புதுப் பேடைப் போட்ட அன்றே யாரும் அதை முழுதாக நம்பக் கூடாது. பேட் பிடிப்பது உரசலால் மட்டும் அல்ல. அதிலிருந்து ஒரு மெல்லிய படலம் டிஸ்க்கின் மீது சீராகப் படிந்து, பிறகு பேடும் அந்தப் படலமும் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. புதுத் தோசைக்கல்லைப் பழக்குவதுபோல இதையும் படிப்படியாகப் பழக்க வேண்டும். மிதமான வேகத்திலிருந்து முழுவதும் நிற்காமல் பலமுறை பிரேக் பிடித்து, அழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, பிறகு பிரேக்கைத் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிட வேண்டும். எத்தனை முறை, எந்த வேகம் என்பது பெட்டியிலேயே இருக்கும். கிள்ளான் பள்ளத்தாக்கில் இதற்கு ஒரு காலிச் சாலை கிடைப்பது குதிரைக்கொம்பு. ஞாயிறு விடியற்காலையில் தொழிற்பேட்டைகளைத் தேடிப் போகிறவர்களைக் குறைசொல்ல முடியாது.

டிஸ்க் நெளிந்துவிட்டது என்று சொல்லிப் பட்டறைக்கு வரும் பல கார்களில் டிஸ்க் நெளிந்திருப்பதில்லை. படலம் ஓரிடத்தில் தடித்தும் இன்னோரிடத்தில் மெலிந்தும் படிந்திருக்கும். அதுதான் ஸ்டியரிங்கில் உதறுகிறது. கொதிக்கும் டிஸ்க்கோடு வண்டியை நிறுத்திப் பெடலை மிதித்தபடியே இருந்தால் பேடின் அச்சு அப்படியே பதிந்துவிடும். தடத்திலிருந்து உள்ளே வந்ததும் கைப்பிரேக்கை இழுக்காமல், கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைப்பது இதனால்தான். முன்பக்கம் மட்டும் அல்லது பின்பக்கம் மட்டும் பேடின் வகையை மாற்றுவதிலும் யோசனை வேண்டும். பின்னால் பிடி மிஞ்சினால் ஈரச் சாலையில் வண்டியின் பின்புறம் உங்களை முந்தப் பார்க்கும்.

எல்லாவற்றையும் பேடின் தலையில் கட்டுவதும் நியாயம் ஆகாது. கெந்திங் மலையிலிருந்து இறங்கும் கார் ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் சுமார் 12,700 கிலோஜூல் ஆற்றலை இழந்தாக வேண்டும். 110 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 21 முறை நிற்பதற்குச் சமம் அது. காற்றும் டயரும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மீதியை எஞ்சினும் பிரேக்கும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். குறைந்த கியரில் இறங்கு என்று பெரியவர்கள் சொல்வது எஞ்சினின் பங்கைக் கூட்டத்தான். மலை இறக்கத்தில் வேகம் குறைவு, டிஸ்க்கைக் குளிர்விக்கக் காற்றும் குறைவு. கால் பெடலிலேயே இருந்தால் வெப்பம் மெல்ல மெல்ல, பேடை டிஸ்க்கின் மீது அழுத்தும் காலிப்பருக்குள் ஊறி, காலின் அழுத்தத்தை அங்கே கொண்டுபோகும் பிரேக் ஆயிலை எட்டும். தடத்தில் முதலில் தளர்வது பெரும்பாலும் பேட். மலை இறக்கத்தில் முதலில் கொதிப்பது பல நேரம் ஆயில்.

இரண்டையும் பெடலே பிரித்துச் சொல்லிவிடும். பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேட். பெடல் பஞ்சுபோல் அமுங்கித் தரையைத் தொட்டால், ஆயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டாகிவிட்டது. எவ்வளவு விலையுயர்ந்த பேடும் அதைச் சரிசெய்யாது. டாட் 4 என்ற தரக் குறியீடு கொண்ட பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி. காற்றின் ஈரத்தை உறிஞ்சி 3.7 சதவீதம் நீர் சேர்ந்தபின் அதற்கான வரம்பு 155 மட்டுமே. நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. சாலையில் மட்டும் ஓடும் காருக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றினால் போதும். தடத்துக்குப் போகிறவர்கள் ஆண்டுதோறும், போகும் முன்பே மாற்றிவிடுவது நல்லது. டாட் 5.1 இன்னும் சூட்டைத் தாங்கும். புதிதில் 260, ஈரம் சேர்ந்தபின் 180. எண்ணைப் பார்த்து டாட் 5ஐ மட்டும் தூக்கிவந்துவிடாதீர்கள். அது சிலிக்கோன் ஆயில், மற்றவற்றோடு கலக்காது, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் உள்ள காரில் அதை ஊற்றக் கூடாது.